சுவிட்ச் சுவரிலேயே இருக்கட்டும்

கேட்டிருப்பவர் பெங்களூரில் வேலையில் இருக்கிறார். வீடு காவிரி டெல்டாவில், குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். அங்கே அப்பாவும் அம்மாவும் மட்டும். பொங்கலுக்கு வந்தபோது வாசல், கூடம், சமையற்கட்டு, கொல்லை என்று எல்லா ஹோல்டரிலும் கைபேசியிலிருந்து இயக்கும் வைஃபை பல்பை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அப்பா வழக்கம்போல் சுவிட்சை அணைத்துவிடுகிறார். பல்பு தொடர்பில் இல்லை என்று கைபேசி சொல்கிறது. நடுராத்திரி போன கரண்ட் திரும்பி வந்தால் வீடு முழுக்க விளக்கு எரிகிறது. எல்லாவற்றையும் கழற்று என்கிறார் அப்பா. தானியங்கி விளக்கெல்லாம் நம் பக்கத்து வீடுகளுக்கு ஒத்துவராதா, மின் கட்டணமாவது குறையுமா என்பது கேள்வி.

ஒத்துவரும். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் விதத்தில் வராது. உங்கள் அப்பா செய்வதில் ஒரு குறையும் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் வாசல் சுவிட்சைப் போடுவதும், படுக்கப் போகும்முன் கூடத்திலிருந்து கொல்லைவரை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போவதும் அவருக்கு ஆயுள் பழக்கம். அதை விடச் சொல்லி எழுபது வயதுக்காரரைக் கேட்கிற கருவி அந்த வீட்டுக்கு ஆகாது. சில வீடுகளில் சுவிட்சின் மேல் இன்சுலேஷன் டேப்பை ஒட்டித் 'தொடாதீர்கள்' என்று எழுதியும் வைத்திருப்பார்கள். காசு கொடுத்து வாங்கிய வசதிக்காகச் சொந்த வீட்டுச் சுவிட்சையே தொடக் கூடாது என்றால் அது என்ன வசதியோ!

இந்த வேலையில் நான் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு. சுவரில் இருக்கும் சுவிட்சை யார் தட்டினாலும், எந்த நேரத்தில் தட்டினாலும், இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விளக்கு எரியவும் வேண்டும், அணையவும் வேண்டும். கைபேசி, உணரி, நேர அட்டவணை எல்லாம் அதற்கு மேல் வந்து உட்காரட்டும். இனிச் சொல்லப்போவது அத்தனையும் இந்த விதியைக் காப்பாற்றும் வழிகள்தான்.

இதில் டெல்டாக்காரர்களுக்கு யாரும் புதிதாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பம்புசெட் மோட்டாரைக் கைபேசியில் போட்டு அணைக்கும் ஸ்டார்ட்டர் நம் வயல்களில் பல வருஷங்களாக இருக்கிறது. பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. அந்த எண்ணை அழைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடும், இன்னொன்றை அழுத்தினால் நிற்கும். மூன்று ஃபேஸும் வந்துவிட்டதா, ஒன்று போய்விட்டதா என்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். இணையம் வேண்டாம். முக்கியமாக, ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கைபேசி இல்லாதவர் வரப்பில் நடந்துபோய்ப் பச்சையை அழுத்தினாலும் தண்ணீர் வரும். வீட்டு விளக்குக்கும் அதே ஏற்பாடுதான் வேண்டும்.

வைஃபை பல்பு போன்ற ஸ்மார்ட் பல்பில் சிக்கல் எங்கே என்றால், அதற்குள் இருக்கும் ரேடியோவுக்கு எந்நேரமும் மின்சாரம் வேண்டும். சுவர்ச் சுவிட்சை அணைத்தால் விளக்கோடு ரேடியோவும் போய்விடும். பிறகு நீங்கள் பெங்களூரிலிருந்து என்ன அழுத்தினாலும் கேட்க அங்கே ஆள் இல்லை. இதற்கு மாற்று, மூளையைப் பல்பிலிருந்து எடுத்துச் சுவிட்ச் போர்டுக்குள் வைப்பது. கைபேசியின் கட்டளையையும் சுவிட்சின் சைகையையும் கேட்டு மின்சாரத்தைச் சேர்க்கவும் துண்டிக்கவும் செய்யும் ரிலே மாட்யூல்கள் தீப்பெட்டி அளவில் கிடைக்கின்றன. போர்டின் பின்னால் அதை வைத்து, பழைய சுவிட்சை அதற்குச் சைகை கொடுக்கும் சுவிட்சாக மாற்றி இணைத்துவிடலாம். ஹோல்டரில் சாதாரண 9 வாட் எல்இடி பல்பே போதும். அப்பா தட்டினால் எரியும். நீங்கள் அங்கிருந்து அணைத்தால் அணையும். அப்பா மறுபடி தட்டினால் மறுபடி எரியும். சுவிட்ச் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பது ஒரு பொருட்டில்லை, ஒவ்வொரு தட்டலும் நிலையை மாற்றும். மாடிப்படியின் டூ-வே சுவிட்சில் எல்லோரும் பழகியதுதான் இது. யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

மாட்யூல் இயங்க மின்சாரம் வரும் ஃபேஸ் ஒயர் மட்டும் போதாது, அது திரும்பிப் போகும் நியூட்ரலும் வேண்டும். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்தால் சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் இல்லையே என்று பெரிய புலம்பலாக இருக்கும். நம் வீடுகளில் அந்தத் தொல்லை குறைவு. ஒரே போர்டில் நாலு சுவிட்ச், ஒரு ஃபேன் ரெகுலேட்டர், கூடவே ஒரு 5 ஆம்பியர் பிளக் பாயின்ட் என்று வைப்பது நம் வழக்கம். பிளக் பாயின்ட் இருக்கும் போர்டில் நியூட்ரல் இருந்தே தீரும். குளியலறை வாசல், மாடிப்படி போன்ற ஒற்றைச் சுவிட்ச் பெட்டிகளில்தான் பெரும்பாலும் இருக்காது.

கூடத்துப் போர்டைத் திறக்கும்போது மெயினை அணைத்து, டெஸ்டரையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மூடியின் திருகுகளைக் கழற்றியதும் முதலில் உதிர்வது சுண்ணாம்புத் தூள்; அதன் பின்னால் பல்லி முட்டை ஓடு, எறும்பு கொண்டுவந்து சேர்த்த மண். உள்ளே சுவிட்சுக்குச் சுவிட்ச் தாவிப் போகும் சிவப்பு ஒயர் ஃபேஸ். பிளக் பாயின்ட்டின் ஒரு காலில் நாலைந்து கறுப்பு ஒயர்களைச் சேர்த்து முறுக்கி நுழைத்திருப்பார்கள், அது நியூட்ரல். முறைப்படி அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் பழைய வீட்டில் நிறத்தை நம்பக் கூடாது. அன்றைக்கு எந்த நிறச் சுருள் கையில் இருந்ததோ அதையே எல்லாவற்றுக்கும் இழுத்திருப்பார்கள். அணைத்த பிறகும் ஓர் எல்இடி பல்பு இருட்டில் லேசாக மினுங்கிக்கொண்டே இருந்தால், அந்தச் சுவிட்ச் ஃபேஸை வெட்டாமல் நியூட்ரலை வெட்டுகிறதோ என்று சந்தேகப்படலாம். அதைச் சரிசெய்த பிறகுதான் மாட்யூல்.

இன்னொரு எச்சரிக்கை, இதை எலெக்ட்ரீஷியனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் ஒரே போர்டுக்குள் இரண்டு ஃபேஸ் இருக்கக்கூடும். விளக்கும் ஃபேனும் இன்வெர்ட்டர் லைனில் ஓடும், பிளக் பாயின்ட் நேரடி மின்வாரிய லைனில் இருக்கும். மாட்யூலுக்கு ஃபேஸை அவசரத்தில் பிளக் பாயின்ட்டிலிருந்து எடுத்துவிட்டால், கரண்ட் போனதும் மாட்யூல் படுத்துவிடும். இரண்டு லைனும் எங்காவது ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் இன்வெர்ட்டரே புகைந்துவிடும். விளக்கு எந்த லைனில் இருக்கிறதோ அதே லைனிலிருந்துதான் மாட்யூலுக்கும் எடுக்க வேண்டும். புது வீடுகளில் இரும்புப் பெட்டிக்குள் போர்டு வைக்கிறார்கள். அது ரேடியோ அலையை மறிக்கும், ஆழமும் போதாது. அகலமான பழைய மரப்பெட்டிப் போர்டுகள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்.

நடுராத்திரியில் வீடே வெளிச்சமாகும் கதைக்குத் தீர்வு எளிது. பெரும்பாலான ஸ்மார்ட் பல்புகள், மின்சாரம் போய் வந்தால் முழு வெளிச்சத்தோடு எரியும்படிதான் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. கரண்ட் அடிக்கடி போகாத ஊர்களை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு. செயலியின் அமைப்புகளுக்குள் போனால் மின்சாரம் திரும்பும்போது எரிய வேண்டுமா, அணைந்திருக்க வேண்டுமா, முன்பு இருந்த நிலைக்கே போக வேண்டுமா என்று கேட்கும் இடம் இருக்கும். 'முன்பு இருந்த நிலை' என்று வைத்துவிடுங்கள். ரிலே மாட்யூலிலும் இதே தெரிவு உண்டு. வாங்கும்போதே இது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத சாமானை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மின்னழுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். மோட்டார்கள் ஓடும் நேரத்தில் 170, 180 வோல்ட்டுக்கு இறங்கிவிடும் கடைக்கோடி லைன்கள் நம்மிடம் உண்டு. நல்ல எல்இடி பல்பு அதைத் தாங்கிக்கொள்ளும். மலிவான மாட்யூல் தன்னைத்தானே அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருக்கும். பெட்டியின் மேல் எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட்வரை என்று அச்சிட்டிருப்பார்கள். 100 முதல் 240 என்று இருந்தால் எடுங்கள். பல்பில் இந்தியத் தர அமைப்பின் பிஐஎஸ் முத்திரை இருக்க வேண்டும்; எல்இடி பல்புக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 16102. இதைவிடப் பெரிய ஆபத்து நியூட்ரல் அறுந்துபோவது. கம்பத்தில் நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட்வரைகூட வந்துவிடும். ஃபேன் வழக்கத்துக்கு மாறாக வேகமெடுக்கும், பல்புகள் ஒவ்வொன்றாக வெடிக்கும், ரவுட்டர் கருகும். மெயின் போர்டில் அதிக மின்னழுத்தம் வந்தால் துண்டித்துவிடும் காப்புக் கருவி ஒன்றைப் போட்டுவிட்டு, அதன்பிறகு ஸ்மார்ட் சாமான்களைப் பற்றி யோசியுங்கள். கூடவே, மின்கசிவு வந்தால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. ஐப்பசி கார்த்திகை மழையில் சுவர் ஊறி, போர்டைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள். அதற்கு மருந்து அதுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டாவின் தென்பகுதி எப்படிக் கிடந்தது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். பல கிராமங்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. அப்படிப்பட்ட நாளில் எந்தத் தானியங்கி விளக்கும் உதவாது. டார்ச்சும் சார்ஜ் ஏற்றி வைத்த அவசர விளக்கும்தான். ஆனால் கரண்ட் திரும்பி வரும் நாளில் கவனம் வேண்டும். மெயினை அணைத்தே வைத்திருந்து, ஒரு சாதாரண பல்பை மட்டும் போட்டுப் பார்த்து, வெளிச்சம் நிலையாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு மற்றவற்றைப் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது வைஃபை. ஸ்மார்ட் விளக்குகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இருந்தால் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. நம் பழைய வீடுகளின் அமைப்பு இன்னொரு தடை. வாசல் குறுகலாக இருக்கும்; திண்ணை, ரேழி, முற்றம், கூடம், சமையற்கட்டு, இரண்டாம் கட்டு, கிணற்றடி என்று நீளம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். ஒன்றரை அடிக் கனத்தில் சுண்ணாம்புக் காரைச் சுவர். ரவுட்டரைக் கூடத்தில் வைத்தால் கொல்லைக்கு அலை எட்டாது. இங்கே வைஃபைக்குப் பதில் ஜிக்பீ என்ற வேறொரு ரேடியோ முறையில் பேசும் சாதனங்கள் நன்றாக உழைக்கும். மின்லைனில் இருக்கும் ஒவ்வொரு ஜிக்பீ மாட்யூலும் தன் பக்கத்து மாட்யூலுக்குச் செய்தியைக் கைமாற்றிவிடும். ரேழியிலிருந்து கிணற்றடிவரை அப்படியே போய்ச் சேரும். அவற்றையெல்லாம் ஒருங்கிணைக்கும் ஹப் என்ற பெட்டி ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும், அவ்வளவே. ஆனால் ஜிக்பீ பல்புகளைப் போட்டு, நடுவில் ஒன்றைச் சுவரில் அணைத்துவிட்டால் அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துபோகலாம். மாட்யூலைப் போர்டுக்குள் வைக்கச் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம்.

இணையம் இல்லாவிட்டாலும் வேலை செய்ய வேண்டும் என்றேன் அல்லவா? கிராமத்தில் கேபிள்காரர் தரும் இணைப்பாக இருந்தால், உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் தெருமுனைப் பெட்டிக்குக் கரண்ட் இல்லாமல் இணைப்பு போய்விடும். பல வைஃபை பல்புகளில் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால் மணி என்னவென்று இணையத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். கேட்க வழியில்லை என்றால் ஆறு மணிக்கு எரிய வேண்டிய விளக்கு எரியாது. ஹப் வைத்த அமைப்பில் கட்டளைகள் வீட்டுக்குள்ளேயே ஓடும்படி வைத்துக்கொள்ளலாம். ரவுட்டருக்கும் ஹப்புக்கும் சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்று போதும்.

வாசல் விளக்குக்கு இத்தனை தலைவலியும் தேவையே இல்லை. வெளிச்சம் குறைந்தால் தானே எரிந்து, விடிந்தால் தானே அணையும் ஒளி உணரி சுவிட்ச் எலெக்ட்ரிகல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதற்கு இணையமும் தெரியாது, செயலியும் தெரியாது. நேரம் வைத்து ஓட்டினால் நம் ஊரில் அட்டவணையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் நவம்பரில் 5.45 வாக்கில் சூரியன் மறைகிறது, ஜூலையில் 6.40 ஆகிறது. ஒளி உணரிக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் பகலில் மூன்று மணிக்கே எரிந்து நிற்கும். எரியட்டும், தெருவில் போகிறவருக்கு உதவும். விளக்கின் வெளிச்சம் உணரியின் மேலேயே விழாதபடி மட்டும் மாட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் எரிந்ததும் விடிந்துவிட்டது என்று அணையும், அணைந்ததும் இருட்டிவிட்டது என்று எரியும். தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். உணரிக்குப் போகும் லைனிலேயே சுவர்ச் சுவிட்சையும் வைத்துவிட்டால் கார்த்திகை தீபத்தன்று மாடத்திலும் திண்ணையிலும் அகல் ஏற்றும்போது அம்மா அதை அணைத்துவிட்டுப் போவார்.

உண்மையில் தானியங்கி விளக்கு தன் விலைக்குப் பெறுமானமாக உழைக்கும் இடம் கொல்லை. உங்கள் வீட்டில் கழிப்பறை கிணற்றடியைத் தாண்டி இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. பழைய வீடென்றால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வயதானவர் ராத்திரியில் இரண்டு தடவையாவது கதவைத் திறந்துகொண்டு போவார். பின்னால் வயல், வைக்கோல் போர், விறகு அடுக்கு. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும் பாம்பு. வெளிச்சம் வந்த பிறகு காலை வைப்பதற்கும், காலை வைத்த பிறகு சுவிட்சைத் தேடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

அங்கே எல்லோரும் மாட்டுவது ஆள் நடமாட்டம் அறியும் பிஐஆர் உணரி. அது மனித உடலின் வெப்பத்துக்கும் சுற்றுப்புற வெப்பத்துக்கும் உள்ள வேறுபாடு நகர்வதை வைத்துத்தான் ஆளை அறிகிறது. கத்திரி வெயில் காலத்தில் சுவரும் தரையும் ராத்திரி வந்தும் ஆறாமல் தோலின் சூட்டுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்போது அதற்கு ஆள் தெரிவதில்லை. பக்கத்தில் போய்க் கையை வீச வேண்டியிருக்கும். மார்கழியில் அதே உணரி, பூனை போனால்கூட எரியும். உணரியின் முகப்பின் மேல் பல்லி படுத்துக்கொண்டால் தனிக் கதை. ஆகவே கொல்லைக் கதவுக்கு நான் சொல்வது காந்தக் கதவு உணரி. கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே நாணய வடிவ பேட்டரி. கதவு ஒரு விரற்கடை விலகியதும் கிணற்றடி விளக்கு எரியும். வெயில், பல்லி, பூனை எதுவும் அதை ஏமாற்றாது. அப்பா சுவிட்சைப் போட்டால் அதுவும் எரியும். இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதில் தாராளமாக இருங்கள். முப்பது விநாடி என்று வைத்துவிட்டு, கழிப்பறைக்குள் இருட்டில் உட்கார்ந்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டும்படி பெரியவர்களைச் செய்யும் வீடுகள் இருக்கின்றன. கழிப்பறைக்குள் பதினைந்து நிமிஷம், வெளியே பத்து நிமிஷம் எரிந்தால் ஒன்றும் குடி முழுகாது. அசையாமல் இருப்பவரையும் கண்டுபிடிக்கும் ரேடார் உணரி என்று ஒன்று வந்திருக்கிறது. கழிப்பறைக்குப் பொருந்தும். கூடத்தில் வைக்காதீர்கள், ஓடும் ஃபேனையும் ஆடும் ஊஞ்சலையும் ஆள் என்று எண்ணி, வீட்டில் யாருமே இல்லாதபோதும் விளக்கை எரித்துக்கொண்டிருக்கும்.

படுக்கையறையிலிருந்து நடைக்கு வரும் வழியில் முழங்கால் உயரத்துக்குக் கீழே, ஒன்றிரண்டு வாட் மஞ்சள் விளக்கு ஒன்று போதும். தூக்கத்தைக் கலைப்பதில் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்துக்குப் பங்கு அதிகம். மங்கலான மஞ்சளுக்குக் குறைவு. கண்ணில் படாமல் தரையில் விழும் வெளிச்சத்தில் கால் வைக்கும் இடம் நன்றாகத் தெரியும்.

பூச்சித் தொல்லையை யாரும் கேட்பதில்லை. ஆனால் நம் பக்கத்தில் விளக்கின் நிறத்தை முடிவு செய்ய வேண்டியது அதுதான். சம்பா வயல் பச்சை கட்டி நிற்கும் மாதங்களில் விளக்கைப் போட்டால் பச்சைத் தத்துப்பூச்சி, புகையான், தண்டுத் துளைப்பான் அந்துப்பூச்சி எல்லாம் கூட்டமாக வந்து விழும். முதல் மழைக்கு ஈசல் வேறு. விவசாயிகள் இதே குணத்தைப் பயன்படுத்தித்தான் வயலில் விளக்குப் பொறி வைக்கிறார்கள். பல்பின் வெளிச்ச நிறத்தைப் பெட்டியில் கெல்வின் கணக்கில் போட்டிருப்பார்கள். வாசலில் 6,500 கெல்வின் பால்வெள்ளை பல்பைப் போட்டுவிட்டு, தட்டில் சோற்றோடு பூச்சியும் விழுகிறது என்று குறைப்பட்டால் நாமே வீட்டு வாசலில் பொறி வைத்திருக்கிறோம் என்றுதான் பொருள். பூச்சிகளின் கண் புற ஊதாவுக்கும் நீலத்துக்கும் கூர்மையானது. பால்வெள்ளை எல்இடியில் நீலம் அதிகம். 2,700 கெல்வின் அல்லது அதற்கும் கீழான மஞ்சளில் பூச்சி அறவே வராது என்று சொல்ல மாட்டேன், கண்கூடாகக் குறையும். நீங்கள் வாங்கியிருக்கும் பல்புகளில் நிறத்தை மாற்றும் வசதி இருந்தால் திண்ணைக்கும் கொல்லைக்கும் மஞ்சளை நிரந்தரமாக வைத்துவிடுங்கள். புதிதாக வாங்குவதென்றால் சாதாரண மஞ்சள் எல்இடி பல்பே போதும். ஒரு கோடியே அறுபது லட்சம் நிறம் என்று பெட்டியில் போட்டிருப்பது விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்று வீடுகளில் வெளிவிளக்குகளுக்குத் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 தரம் பார்த்து வாங்க வேண்டும். குத்தாலத்தில் மழைச்சாரல் படாத இடமாக இருந்தாலே போதும்.

மின் கட்டணத்துக்கு வருகிறேன். 9 வாட் பல்பு நாளுக்கு 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 2.7 யூனிட். தானியங்கி ஏற்பாட்டால் நாளுக்கு ஒரு மணி நேரம் குறைந்தது என்றே வைத்துக்கொள்வோம், மிச்சம் 0.54 யூனிட். அதே ஸ்மார்ட் பல்பு மீதி 20 மணி நேரமும் கட்டளைக்குக் காத்துக்கொண்டு அரை வாட் அளவில் தின்கிறது; இரண்டு மாதத்துக்கு 0.6 யூனிட். வந்ததும் போனதும் சரியாகிவிட்டது. தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் குறிப்பிட்ட யூனிட்வரை மின்சாரம் இலவசம் என்பதால் இருவர் மட்டுமே உள்ள வீட்டில் இதைப் பெரிதாகப் பேசுவதில் அர்த்தமில்லை. மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் இடம் வேறு. செம்புச் சோக் போட்ட பழைய 40 வாட் டியூப் லைட் சோக்கோடு சேர்ந்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். 20 வாட் எல்இடி டியூப் மாற்றினால் அதே 5 மணி நேரக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 9 யூனிட் குறையும். 75 வாட் ஃபேனுக்குப் பதில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வைத்த 30 வாட் பிஎல்டிசி ஃபேன் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 32 யூனிட் குறையும். ஸ்மார்ட் விளக்கைக் கட்டணத்துக்காக வாங்காதீர்கள்.

எந்த நிறுவனத்தின் சாமான் என்று கேட்பீர்கள். பெயரைவிட, நிறுவனமே இல்லாமல் போனாலும் இயங்குமா என்று பாருங்கள். அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற பழைய நிறுவனம் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல் தன் சர்வர்களை நிறுத்தியது. செயலியை நம்பியிருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மேட்டர் என்ற பொதுத் தரத்தின் முதல் பதிப்பு வெளிவந்தது. பல நிறுவனச் சாதனங்களும் வீட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று பேசிக்கொள்ள அது வழி செய்கிறது. கையில் பொறுமை இருந்தால் ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளைச் சிறிய கணினி ஒன்றில் போட்டு வீட்டிலேயே வைக்கலாம். ஆனால் பழுதானால் பார்க்க நீங்கள் அங்கே இல்லை. உங்கள் நிலைமைக்கு ஜிக்பீ ஹப் ஒன்றும் நாலைந்து மாட்யூலும் போதும் என்பது என் கருத்து.

ஒன்றை மட்டும் கொஞ்சம் தயக்கத்தோடு சொல்கிறேன். கதவு உணரியைப் போட்டதும், கொல்லைக் கதவு எத்தனை மணிக்குத் திறந்தது என்பதெல்லாம் உங்கள் கைபேசியில் வரிசையாக வரும். விடியற்காலை ஐந்து மணிக்குத் திறக்கும் கதவு ஒரு நாள் ஏழு மணியாகியும் திறக்கவில்லை என்றால் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கலாம். அது பெரிய ஆறுதல்தான். அதே பட்டியல், அப்பா ராத்திரி எத்தனை தடவை எழுந்தார் என்பதையும் சொல்லும். அவருக்குத் தெரியாமல் இதைப் பார்த்துக்கொண்டிருப்பது முறையல்ல. இப்படித் தெரியும், பரவாயில்லையா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் பதிவை நிறுத்திவிடலாம், விளக்கு எப்போதும்போல் எரியும்.

வேலையைச் செய்யும்போது நீங்கள் ஒருநாள் ஊரில் இருப்பது நல்லது. உள்ளூர் எலெக்ட்ரீஷியனையே வைத்துச் செய்யுங்கள்; நாளைக்கு அப்பா கூப்பிட்டால் சைக்கிளில் வந்து நிற்கப்போகிறவர் அவர்தான். எந்தப் போர்டில் எந்த மாட்யூல், எந்த ஒயரை எங்கே இணைத்தோம் என்று தமிழில் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு மெயின் போர்டு மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். மாட்யூல் பழுதானால் அதைக் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் பழையபடி நேராக இணைப்பது எப்படி என்று அவரையே ஒரு தடவை செய்துகாட்டச் சொல்லுங்கள். அதற்கு வேண்டிய ஓரடி ஒயரையும் ஒரு கனெக்டரையும் அந்தப் போர்டுக்குள்ளேயே சுருட்டி வைத்துவிட்டு மூடியைத் திருகச் சொல்லுங்கள்.